போச்சா, போகலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு!

பதிவு எழுதி மாசக்கணக்காச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுவும் புடுங்க வேண்டிய ஆணி, வேண்டாத ஆணின்னு பிரிச்சுக்கூட சொல்லமாட்டேங்குறாங்க. சரி, இன்னிக்கு அந்த ஆணியப் பத்தியே ஒரு பதிவு. டெக்னிக்கல் மேட்டர்னு பாதியிலயே ஓடிடாதீங்க மக்களே, இதுல உரக்கடை வருது, எங்க சித்தப்பா வர்றாரு, மானப் பிரச்சினைகூட வருது. கடைசிவரைக்கும் படிச்சா உங்க போன்ல 'பெண்டிங்'னு ஏன் வருதுன்னு புரிஞ்சுடும். அதுக்கு நான் கியாரண்டி.

போன ஐப்பசியில நடந்தது. எங்க ஊர் ஆலங்குளம். ஆலங்குளம்னதும் "ஓ, தென்காசி பக்கமா?"ன்னு கேக்காதீங்க, கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு. இது விருதுநகர் மாவட்ட ஆலங்குளம். ராஜபாளையத்துல இருந்து வரணும், அரசாங்க சிமெண்ட் ஆலை இருக்குதே, அந்த ஆலங்குளம். சித்தப்பாவுக்கு அங்க கொஞ்சம் மானாவாரி நிலம், மக்காச்சோளம் போட்டிருந்தாரு. நல்ல மழை ஒண்ணு பெஞ்சிருந்துச்சு. ஈரம் காயுறதுக்குள்ள மேலுரம் போடணும்னு சாயங்காலமா உரக்கடைக்குப் போயிருக்காரு. ரெண்டு டிஏபி, மூணு யூரியா, கூட கொஞ்சம் மருந்து. மொத்தம் 4,850 ரூபாய். ஸ்கேன் பண்ணி, பின் நம்பர் போட்டு, அனுப்பியாச்சு.

போன்ல வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. கடைசில 'பெண்டிங்'.

பேங்குல இருந்து எஸ்.எம்.எஸ். மட்டும் டாண்ணு வந்துருச்சு, 4,850 ரூபாய் பிடிச்சாச்சுன்னு. ஆனா கடை மேசை மேல இருக்குற பொட்டி, பணம் வந்தா சத்தமா சொல்லுமே, அது வாயத் தொறக்கல. கடைக்கார அண்ணாச்சி நல்ல மனுஷன்தான். "அண்ணே, பொட்டி பேசலையே"ன்னு இழுத்திருக்காரு. சித்தப்பா எஸ்.எம்.எஸ்ஸக் காட்டியிருக்காரு. "போன வாரம் ஒருத்தர் இதே மாதிரிதாண்ணே காட்டிட்டு மூட்டைய ஏத்திக்கிட்டுப் போனாரு, பணம் வரவே இல்ல. உங்களச் சொல்லல..." அப்படின்னாராம். "உங்களச் சொல்லல"ன்னு ஒருத்தர் சொன்னா, அது யாரச் சொன்னதுன்னு கடையில நின்ன நாலு பேருக்கும் தெரியும். கணக்குல மறுபடி போடுற அளவுக்குப் பணமும் இல்ல. மூட்டைய அங்கயே விட்டுட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வந்துட்டாரு.

வந்ததும் எனக்குத்தான் போன். நான் பெங்களூர்ல பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன்.

"ஏப்பா, நீ இந்த கம்ப்யூட்டர் வேலைதான பாக்குற? பணம் போச்சா, போகலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"சித்தப்பா, ரெண்டும் இல்ல... அது வந்து..."

"ரெண்டும் இல்லன்னா? எங்கிட்டயும் இல்ல, அவன்கிட்டயும் இல்லன்னா நடுவுல எவன்ட்டப்பா இருக்கு?"

மறுநாள் காலைல பணம் கடைக் கணக்குல ஏறியிருந்துச்சு. அண்ணாச்சியே தன்னோட எக்ஸெல்ல மூட்டைய வச்சுக் கொண்டாந்து வீட்டுல எறக்கிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே"ன்னு சொல்லிட்டுப் போனாரு. சோளத்துக்கு ஒண்ணும் ஆகல. ஆனா சித்தப்பா கேட்ட அந்த "நடுவுல எவன்ட்டப்பா இருக்கு" இன்னிக்கு வரைக்கும் என்னை விடல. ஏன்னா நான் சோறு திங்குறதே அந்த 'நடுவுல' இருக்குற சாமானை எழுதித்தான். அது மட்டுமில்ல, நான் எழுதினதும் இதே மாதிரி ஒருத்தர நட்டாத்துல விட்டிருக்கு. அதப் பின்னாடி சொல்றேன்.

முதல்ல மேட்டர் என்னன்னு பாப்போம். நீங்க ஒரு வெப் சர்வீஸைக் கூப்பிடுறது போன் பேசுற மாதிரி. கேள்வி கேக்குறீங்க, லைன்லயே நிக்கிறீங்க, அந்தப் பக்கம் பதில் சொல்லணும். சொல்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் லைன் பிஸி. இதுதான் சிங்க்ரனஸ். மெசேஜ் க்யூங்குறது தபால். எழுதிப் பெட்டியில போட்டுட்டு நீங்க உங்க வேலையப் பாக்கலாம். அந்தப் பக்கம் ஆள் இல்லைன்னாலும், தூங்குனாலும், மழை பெஞ்சாலும் கடுதாசி பத்திரமா இருக்கும். ஆள் வந்ததும் எடுத்துப் படிச்சுப் பதில் போடுவார். இது அசிங்க்ரனஸ் (பேர்ல அசிங்கம் இருக்கே தவிர சாமான் நல்ல சாமான்). ஐபிஎம்காரங்க எம்க்யூ சீரீஸ்னு இதை விக்க ஆரம்பிச்சது 1993-ல. ஆபீஸ்களோட அடிவயித்துல அந்தக் குடும்பத்துச் சரக்கு இன்னமும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. அப்புறம் 2007-ல ராபிட்எம்க்யூ, 2011-ல காஃப்கா திறந்த மூலமா வந்ததுன்னு பெரிய வம்சமே வளந்துருச்சு.

பிரச்சினை எங்க வருதுன்னா, முன்னாடி போன், பின்னாடி தபால்னு ஒரே சிஸ்டத்துல ரெண்டையும் கட்டும்போது. வாடிக்கையாளர் போன்ல நிக்கிறாரு. நீங்க அவர் சொன்னத எழுதித் தபால்ல போட்டுட்டு, "லைன்லயே இருங்க"ன்னு சொல்லிட்டு, பதில் தபால் வருதான்னு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கணும். இதத்தான் பாலம் கட்டுறதுன்னு சொல்றோம். கட்டுறதுக்குச் சுலபமாத்தான் இருக்கும். ஒவ்வொரு கடுதாசிக்கும் ஒரு அடையாள நம்பர் போடு, அதுக்குப் பேரு கோரிலேஷன் ஐடி. பதில எந்தப் பெட்டியில போடணும்னு எழுது, அது ரிப்ளை-டு. பதில் வந்ததும் நம்பரப் பாத்து எந்த ஆள் லைன்ல காத்துக்கிட்டு இருக்காரோ அவர்ட்ட குடு. ஹோப், வூல்ஃப் ரெண்டு பேரும் சேந்து 2003-ல எழுதின 'என்டர்பிரைஸ் இன்டக்ரேஷன் பேட்டர்ன்ஸ்' புத்தகத்துல இதெல்லாம் பேரு வச்சு, படம் போட்டு இருக்கு. எங்க டீம்ல ஒவ்வொருத்தர் மேசையிலயும் அந்தப் புத்தகம் இருக்கும். படிச்சதா யாரும் ஒத்துக்கிட்டது இல்ல :-)

இந்த ஏற்பாடு எங்க ஆச்சிக்கே தெரியும். பெரியப்பா பம்பாய்ல இருந்து மணியார்டர் அனுப்புவாராம். தபால்காரர் பணத்தக் குடுத்துட்டு, ஃபாரத்தோட அடிச்சீட்டுல ஆச்சியோட கைநாட்ட வாங்கிக்கிட்டுப் போவாரு. அந்தச் சீட்டு திரும்பி பம்பாய் போய்ச் சேந்தாதான் பெரியப்பாவுக்குப் பணம் கிடைச்சது தெரியும். மணியார்டர் நம்பர்தான் கோரிலேஷன் ஐடி, அனுப்புனவர் விலாசம் ரிப்ளை-டு. சீட்டு வர லேட்டானா பெரியப்பா என்ன நினைப்பாரு? "இன்னும் ரசீது வரல" அப்படின்னு நினைப்பாரு. "பணம் போகல, இன்னொரு மணியார்டர் அனுப்புவோம்"னு நினைக்கமாட்டாரு. இந்த ஒரு வித்தியாசம் நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்ச எனக்குத் தெரியல.

சரி, என் கதை. ஒரு பெரிய கம்பெனிக்கு (பேரு வேணாம், சோத்துல மண் விழும்) ஒரு வெப் சர்வீஸ் எழுதினேன். பின்னாடி பழைய மெயின்ஃபிரேம், நடுவுல க்யூ. மேனேஜர் சொன்னாரு, "கிளையண்ட்டுக்கு இந்த க்யூ கியூ எல்லாம் புரியாது, கூப்பிட்டா பதில் வரணும், சிங்க்கா குடு". குடுத்தேன். 30 செகண்ட் காத்திருக்கும். அதுக்குள்ள பதில் வந்தா பதில். வரலைன்னா? அந்த இடத்துல ஒரே ஒரு வரி எழுதினேன். 'தோல்வி'ன்னு திருப்பி அனுப்பு. அவ்வளவுதான். டெஸ்ட்ல பதில் அரை செகண்ட்ல வந்துச்சு, எல்லாரும் கைதட்டுனாங்க, பீட்சா சாப்பிட்டோம்.

மாசக் கடைசியில மெயின்ஃபிரேம் திணற ஆரம்பிச்சது. பதில் 34-ஆவது, 40-ஆவது செகண்ட்ல வருது. என் சர்வீஸ் 30-லயே 'தோல்வி'ன்னு சொல்லிட்டு லைன வச்சிருச்சு. ஆனா கடுதாசி க்யூவுல பத்திரமா இருக்கே! அதுதானய்யா க்யூவோட வேலையே! மெயின்ஃபிரேம் சாவகாசமா எடுத்து, வேலைய ஒழுங்கா முடிச்சு, பதிலும் போட்டுருச்சு. வாங்க ஆள் இல்ல. தோல்வின்னு பாத்தவங்க மறுபடி பட்டன அமுக்கினாங்க. ரெண்டாவது கடுதாசி போச்சு, அதுவும் முடிஞ்சுச்சு. ஒரே வேலைக்கு ரெண்டு பதிவு, ரெண்டு தடவை பணம். கணக்கு நேர் பண்ணும்போதுதான் வெளிய வந்துச்சு. அதுக்குள்ள எத்தனை பேர் வீட்டுல எங்க சித்தப்பா மாதிரி யாரோ ஒருத்தர், "நான்தான் ஒரு தடவைதான போட்டேன்"னு யார்கிட்டயோ சத்தியம் பண்ணிக்கிட்டு இருந்திருப்பாங்களோ.

என் கட்சி இதுதான். டைம்-அவுட் ஆகுறதும் தோத்துப்போறதும் ஒண்ணு இல்ல. வெற்றி, தோல்வி, 'எனக்குத் தெரியல'ன்னு மூணு நிலைமை இருக்கு. முன்னாடி போன், பின்னாடி தபால்னு பாலம் கட்டுற எவனும் மூணாவத மறைக்கக் கூடாது. மறைச்சா அது டிசைன் இல்ல, பொய். பொய்யக்கூட பொறுத்துக்கலாம், ஆனா அந்தப் பொய்க்கு ஜவாப் சொல்றது கோடு எழுதுன நான் இல்ல, கடை வாசல்ல நிக்கிற மனுஷன்.

"அப்ப 30 செகண்ட 120 ஆக்கிட வேண்டியதுதான?"ன்னு ஒரு நண்பர் கேட்டாரு. கணக்கு போட்டுப் பாருங்க. டாம்கேட் சர்வர்ல நாம ஒண்ணும் மாத்தலைன்னா 200 திரெட். ஒவ்வொரு திரெட்டும் ஒரு ஆளுக்காக வாசல்ல நிக்குதுன்னு வச்சுக்கோங்க. பதில் அரை செகண்ட்ல வந்தா செகண்டுக்கு 400 பேர கவனிக்கலாம். பதில் வர 20 செகண்ட் ஆனா? செகண்டுக்கு 10 பேர். அதாவது பின்னாடி இருக்குறவன் மந்தமானா முன்னாடி இருக்குற நான் மொத்தமா படுத்துருவேன். பின்னாடி இருக்குறவன் படுத்தாலும் முன்னாடி நிக்கணும்னுதானே க்யூவையே வச்சோம்! காச செலவழிச்சு க்யூவ வாங்கி, அதோட புண்ணியத்தையெல்லாம் வாசல்ல நின்னே தொலைச்சாச்சு. சர்வ்லெட் 3.0 வந்த 2009-ல இருந்தே திரெட்ட விட்டுட்டுக் காத்திருக்க வழி இருக்கு, 2023-ல ஜாவா 21-ல வர்ச்சுவல் திரெட் வந்ததுல இருந்து நிக்கிறதுக்கு ஆகுற செலவும் கொறஞ்சுருச்சு. ஒத்துக்கிறேன். ஆனா செலவுதான் கொறஞ்சிருக்கு, 'போச்சா போகலையா'ங்குற கேள்விக்குப் பதில் இன்னும் அதேதான். போதாக்கொறைக்கு நடுவுல என்ஜிங்க்ஸ் மாதிரி ஆளுங்க இருக்காங்க. அவங்க பாட்டுக்கு 60 செகண்ட்ல லைன கட் பண்ணிருவாங்க. நீங்க உள்ள 120 செகண்ட் காத்துக்கிட்டு இருந்து என்ன பண்ண, ஆளே வெளிய போயாச்சு.

இன்னொரு கூத்தும் இருக்கு. சர்வர் ரெண்டு வச்சா, ஏ சர்வர்ல காத்திருக்குற ஆளோட பதில பி சர்வர் எடுத்துப் பாத்து "இது யாருது?"ன்னு கீழ போட்டுரும். எங்களுக்கு நடந்துச்சு, பாதிக்குப் பாதி டைம்-அவுட். ரெண்டு நாள் தூங்கல. சர்வருக்கு ஒரு பதில்பெட்டின்னு பிரிச்சதும் சரியாச்சு. அப்புறம் ஏ சர்வர ஒருநாள் ரீஸ்டார்ட் பண்ணோம், அதோட பெட்டியில வந்த பதிலுக்கெல்லாம் சொந்தக்காரங்க இல்ல. கடைசியில வழிக்கு வந்து, பதில் எதுவா இருந்தாலும் முதல்ல டேட்டாபேஸ்ல எழுது, அப்புறம் ஆள் இருந்தா குடு, இல்லைன்னா வந்து கேக்கும்போது குடுன்னு மாத்தினோம்.

இந்த "வந்து கேக்கும்போது குடு"தான் என்னைப் பொறுத்தவரை நேர்மையான வழி. டோக்கன் முறை. பரோட்டா கடையில காசக் கட்டுனதும் டோக்கன் தர்றாங்கல்ல, கல்லாவுலயே நின்னு பரோட்டா வேகுற வரைக்கும் அடுத்தவங்கள மறிச்சுக்கிட்டா நிக்கிறோம்? மேல சொன்ன ஹோப் 2004-ல காபிக் கடைய உதாரணமா வச்சு இதையே ஒரு கட்டுரையா எழுதியிருக்காரு. ஹெச்டிடிபிலயே இதுக்குன்னு ஒரு நம்பர் இருக்கு, 202. "வாங்கிட்டேன், இன்னும் முடிக்கல"ன்னு அர்த்தம். கூட ஒரு முகவரி குடுத்துடலாம், நிலவரம் அங்க வந்து பாத்துக்கோன்னு. 1990-கள்ல இருந்தே இருக்குற நம்பர். நாங்க யாரும் சீண்டறதே இல்ல. 200, 404, 500 இந்த மூணுலயே வண்டி ஓடுது.

இப்ப யூபிஐக்கு வருவோம். ஏன்னா நாம தினமும் பயன்படுத்துற பாலத்துலயே பெரிய பாலம் அதுதான். 2016 ஏப்ரல் 11-ஆம் தேதி அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் ரகுராம் ராஜன் மும்பையில ஆரம்பிச்சு வச்சது. 2025 ஆகஸ்டுல ஒரே மாசத்துல 2,000 கோடி பரிவர்த்தனையத் தாண்டுச்சு. பின் போட்டதும் டிங்னு சத்தம் வர்றதுனால நாம இத போன்கால் மாதிரி நினைக்கிறோம். உள்ள பாத்தா முழுக்க தபால். என்பிசிஐ வெளியிட்ட விவரக் குறிப்பப் படிச்சீங்கன்னா, ஏபிஐ எல்லாமே அசிங்க்ரனஸ்னு தெளிவாவே எழுதியிருக்காங்க. உங்க ஆப் சார்பா ஒரு வங்கி 'ரெக்-பே'ன்னு ஒரு கோரிக்கைய அனுப்பும். உடனே 'அக்'னு ஒரு சின்னப் பதில் வரும். அதுக்கு "பணம் போச்சு"ன்னு அர்த்தம் இல்ல, "உன் கடுதாசி கிடைச்சது"ன்னுதான் அர்த்தம். அப்புறம் யாருக்குப் போகணும்னு அந்தப் பக்கத்து ஆள்ட்ட விசாரிப்பு, உங்க வங்கிட்ட "எடு", கடைக்காரர் வங்கிட்ட "போடு", ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கோரிக்கை, தனித்தனி பதில். எல்லாம் முடிஞ்சு கடைசியா 'ரெஸ்ப்-பே'ங்குற உண்மையான பதில் தனியா வரும். இதெல்லாத்தையும் கோத்து வைக்கிறது ஒரே ஒரு பரிவர்த்தனை நம்பர். ஆச்சியோட மணியார்டர் நம்பர்தான், வேற ஒண்ணும் இல்ல.

ஏன் இப்படிக் கட்டுனாங்கன்னா, யாரும் யாருக்காகவும் லைன மறிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னுதான். அதனாலதான் இவ்வளவு கூட்டத்துலயும் அது நிக்குது. இதப் பாத்தா எனக்குப் பெருமையாத்தான் இருக்கு.

சித்தப்பாவோட கேள்விக்கு இப்ப பதில் சொல்லலாம். உங்க வங்கி எடுத்தாச்சு, அதான் எஸ்.எம்.எஸ். வந்துச்சு. கடைக்காரர் வங்கிட்ட "போடு"ன்னு சொன்னதுக்குப் பதில் வரல. அந்த வங்கி போட்டுட்டு பதில் சொல்ல முடியாம போயிருக்கலாம், போடாமலேயே இருந்திருக்கலாம். ரெண்டுக்கும் வெளிய பாத்தா ஒரே அமைதிதான். நடுவுல எவன்ட்டயும் பணம் இல்ல சித்தப்பா, நடுவுல இருக்குறது தகவல் இல்லாமைதான்.

அந்தப் பொட்டி இன்னொரு தனிக் கதை. அதுக்குள்ள ஒரு சிம் கார்டு, அதுக்குன்னு தனியா ஒரு க்யூ. இந்த மாதிரிச் சாமான்கள்ல எம்க்யூடிடிங்குற முறை ரொம்பப் பிரபலம். 1999-ல ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லென் நிப்பர்னு ரெண்டு பேர் எண்ணெய்க் குழாய்கள சாட்டிலைட் வழியா கண்காணிக்கக் கண்டுபிடிச்சது, இன்னிக்கு டீக்கடையில பத்து ரூபாய் வந்ததச் சொல்ற மாதிரி சாமான்களுக்கு வந்து சேந்துருக்கு! ஆனா ஒண்ணு, சிக்னல் இல்லைன்னா பணம் வந்தும் பொட்டி வாயத் தொறக்காது. பொட்டி பேசலைங்குறது பணம் வரலைங்குறதுக்குச் சாட்சி இல்ல. இத எந்தக் கடைக்காரருக்காவது யாராவது சொல்லிக் குடுத்திருக்கோமா? இல்ல.

டோக்கன் முறையில ஒரு ஓட்டை இருக்கு, அதையும் சொல்லிடறேன், இல்லைன்னா பின்னூட்டத்துல வந்து கும்மிருவீங்க. டோக்கனக் குடுத்துட்டா வாங்குனவன் "ஆச்சா, ஆச்சா?"ன்னு நச்சரிப்பான். 2025 ஏப்ரல் 12-ஆம் தேதி யூபிஐ பல மணி நேரம் படுத்துச்சே, ஞாபகம் இருக்கா? சில வங்கிகள் 'இந்தப் பரிவர்த்தனை என்னாச்சு'ன்னு கேக்குற கோரிக்கைய, பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூட, சகட்டுமேனிக்கு அனுப்பிக்கிட்டே இருந்ததுதான் காரணம்னு என்பிசிஐ ஆராய்ஞ்சு சொல்லுச்சு. பணம் அனுப்புறதால சாயல, "போச்சா?"ன்னு கேட்டுக் கேட்டே சாச்சுட்டோம்! அதுக்கப்புறம்தான் இடைவெளி விட்டு அதிகபட்சம் 3 தடவைதான் கேக்கலாம்னு கட்டுப்பாடு வந்துச்சு. அதனால டோக்கன் குடுக்குறவன் "எப்ப வந்து கேக்கணும்"னும் சேத்துச் சொல்லணும், முடிஞ்சா அவனே கூப்பிட்டுச் சொல்லிடணும்.

இன்னொரு கட்சிக்காரங்களும் இருக்காங்க. எதையெடுத்தாலும் க்யூ, எதையெடுத்தாலும் காஃப்கா. பாக்கி எவ்வளவுன்னு பாக்குறதுக்கு எதுக்குய்யா தபால்? கேட்டா ரெண்டு தடவை கேக்கலாம், யாருக்கும் நட்டம் இல்ல. நேரா போன்ல கேட்டுட்டுப் போயிடலாம். எனக்கு இந்த அசிங்க்ரனஸ் வெறி பிடிச்சவங்களோடவும் ஒத்துப்போகாது. மாத்த முடியாத காரியம், பணம், பதிவு, டிக்கெட்னு ரெண்டு தடவை நடந்தா வம்பாகுற விஷயங்களுக்குத்தான் இவ்வளவு மெனக்கெடல்.

மேனேஜர் சொன்னதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. சில கிளையண்ட்டுகளால பதில் தபால வாங்கவே முடியாது, அவங்க வீட்டுக்கு வாசலே கிடையாது, வெளிய பேச மட்டும்தான் தெரியும். அவங்களுக்கு பாலம் கட்டித்தான் ஆகணும். அப்ப என்ன பண்ணலாம்? நாங்க பண்ணினது: முதல்ல கொஞ்ச நேரம், ஒரு 5 செகண்ட், லைன்லயே நிறுத்துறது. பெரும்பாலானவங்களுக்கு அதுக்குள்ள பதில் வந்துரும், அவங்களுக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது. வரலைன்னா டோக்கன். அதவிட முக்கியம், கோரிக்கைக்கு நம்பர் போடுறது நான் இல்ல, கேக்குறவர். அவரு முதல் தடவை பட்டன அமுக்கும்போதே ஒரு நம்பர் உருவாகிடும். பத்து தடவை அமுக்குனாலும் அதே நம்பர்தான் வரும். பின்னாடி இருக்குறவன் "இந்த நம்பர்தான் ஏற்கெனவே முடிச்சாச்சே"ன்னு பழைய பதிலையே எடுத்துக் குடுப்பான். இந்த ஒண்ணு மட்டும் அன்னிக்கே இருந்திருந்தா ரெண்டு தடவை பணம் போயிருக்காது. கடுதாசிக்குக் காலாவதி நேரம் போடுறதையும் சேத்தோம். உதவும், ஆனா அத மட்டும் நம்பாதீங்க, கையில எடுத்து வேலைய ஆரம்பிச்சதுக்கப்புறம் காலாவதி என்ன பண்ணும்?

எனக்கு இந்த விஷயத்துல பிடிச்ச டிசைனர் யாருன்னு கேட்டா, சிரிக்காதீங்க, ரிசர்வ் வங்கி. 2019 செப்டம்பர் 20-ல ஒரு சுற்றறிக்கை விட்டாங்க. யூபிஐல ஒருத்தருக்கு அனுப்பின பணம் எடுத்தாச்சு, அந்தப் பக்கம் சேரலைன்னா, மறுநாளுக்குள்ள தானா திரும்பணும். கடைக்குக் கட்டினதுக்கு உறுதி வரலைன்னா 5 நாளுக்குள்ள. அதத் தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு, அவரு கேக்காமலேயே குடுக்கணும். பாருங்க, 'தெரியல'ங்குற நிலைமையே இருக்கக் கூடாதுன்னு சொல்லல. இருக்கும்னு ஒத்துக்கிட்டு, அதுக்கு ஒரு கெடு வச்சு, கெடு தாண்டினா யார் கையக் கடிக்கும்னும் எழுதிட்டாங்க. எங்க ஆர்க்கிடெக்ட் 60 ஸ்லைடுல இதச் சொல்லல.

ஆனா அந்தச் சேதி சித்தப்பாவோட போனுக்கு வரல பாருங்க. 'பெண்டிங்'னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை, ஒரு மஞ்சள் வட்டம். "உங்க வங்கில இருந்து எடுத்தாச்சு. கடைக்கு சேந்ததான்னு இன்னும் தெரியல. மறுபடி கட்டாதீங்க. இத்தனாம் தேதிக்குள்ள ஒண்ணு கடைக்குப் போகும், இல்ல உங்களுக்குத் திரும்பும்." இத தமிழ்ல நாலு வரி போட்டு, அதே நாலு வரி கடைக்காரர் போன்லயும் காட்டியிருந்தா, அண்ணாச்சி "உங்களச் சொல்லல"ன்னு சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஒரு பக்கத்து ஆளுக்கு மட்டும் தெரியுற 'பெண்டிங்'னால என்ன பிரயோஜனம், சந்தேகம் அந்தப் பக்கத்து ஆளுக்குத்தானே வருது.

உங்களுக்கும் இந்த மாதிரி கடை வாசல்ல நின்ன அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆணி புடுங்குற சக பொட்டிதட்டிகள் டைம்-அவுட் வந்தா என்ன திருப்பி அனுப்புறீங்கன்னும் மறைக்காம சொல்லுங்க, திட்டமாட்டேன்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா உரக்கடைக்கு மட்டும் இப்பவும் ரொக்கம்தான் கொண்டு போறாரு. டீக்கடைக்கு ஸ்கேன் பண்றாரு. அண்ணாச்சியோட பேச்சு வார்த்தையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. திண்ணையில உக்காந்து, "உன் கம்பெனில அதச் சரி பண்ணிட்டேன்னியே, என்னத்தப்பா பண்ண?"ன்னு கேட்டாரு.

"முன்னாடியெல்லாம் தெரியலைன்னா போகலைன்னு சொல்லும் சித்தப்பா. இப்ப தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லும்."

கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு.

"இதுக்கா உனக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்குறாங்க?"